நின்றுபோன சீசன் விமான ரூட் திரும்ப வருவது எப்படி: ஹாலிஃபாக்ஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோடை வந்தால் பறந்து, குளிர் வந்தால் நின்றுவிடும் சர்வதேச விமான சேவைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அப்படி ஒன்று நடுவில் சில வருடம் காணாமல் போய், அப்புறம் ஒரு நாள் "மீண்டும் வருகிறோம்" என்று அறிவிப்பு வந்தால், நம்ம ஊருக்கு மவுசு கூடிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். யாரோ ஒரு அரசியல்வாதி பேசி வாங்கிக் கொடுத்தார் என்று வேறு சிலர் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை அதில் இருக்கலாம். ஆனால் விமான நிறுவனத்தில் அட்டவணை போடுகிறவர் பார்ப்பது ஒன்றைத்தான்: என் கையில் இருக்கிற இந்த விமானத்துக்கு, இந்த நாலைந்து மாதத்தில், இதைவிட லாபமான வேலை வேறெங்காவது இருக்கிறதா? இல்லை என்றால் ரூட் வரும். இருக்கிறது என்றால் எத்தனை மனு கொடுத்தாலும் வராது.

இதைத்தான் படிப்படியாக, ஒரு உண்மையான ஊரை வைத்துச் சொல்லப்போகிறேன். உங்கள் ஊருக்கு ஒரு சேவை கேட்டுப் போராடுகிறவராக இருந்தாலும் சரி, அப்படி வந்த சேவையில் டிக்கெட் போடலாமா என்று யோசிக்கிறவராக இருந்தாலும் சரி, உள்ளே நடக்கிற கணக்கு தெரிந்தால் அறிவிப்புகளை வேறு மாதிரி படிப்பீர்கள். டிக்கெட் விஷயம் மட்டும் வேண்டும் என்றால் நேராகப் படி 10-க்குப் போய்விடலாம்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம்

ஹாலிஃபாக்ஸ், கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகர். டொரன்டோ, மாண்ட்ரியல் மாதிரி பெரிய விமான மையம் இல்லை. ஆனால் அட்லாண்டிக் மாகாணங்கள் நாலுக்கும் அதுதான் வட்டார மையம். வரைபடத்தில் பார்த்தால் வட அமெரிக்கா ஐரோப்பாவை நோக்கி மூக்கை நீட்டுகிற இடம். லண்டனுக்குச் சுமார் 4,600 கி.மீ., கிளாஸ்கோவுக்கு 4,200 கி.மீ. சொச்சம். மேற்குக் கனடாவின் கால்கரியிலிருந்து லண்டன் 7,000 கி.மீ. தாண்டும். இந்த வித்தியாசம்தான் கீழே வரப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நம் கதையில் வரும் விமான நிறுவனம் வெஸ்ட்ஜெட், 1996-ல் கால்கரியில் தொடங்கியது. 2014 ஜூனில் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸிலிருந்து டப்ளினுக்குச் சாதாரண போயிங் 737-700-ஐ அனுப்பித் தன் முதல் அட்லாண்டிக் கடப்பைச் செய்தது. 2015 கோடையில் ஹாலிஃபாக்ஸ் - கிளாஸ்கோ வந்தது. 2018-ல் ஹாலிஃபாக்ஸிலிருந்து லண்டன் கேட்விக்குக்கும் பாரிஸுக்கும் 737 மேக்ஸ் விமானங்கள் போயின. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 2019 மார்ச்சில் மேக்ஸ் விமானங்களுக்கு உலகம் முழுக்கத் தடை. அது முடிவதற்குள் கொரோனா. 2020 இலையுதிர் காலத்தில் வெஸ்ட்ஜெட் அட்லாண்டிக் மாகாணங்களில் பல ஊர்களை அப்படியே விட்டு வெளியேறியது. 2022 ஜூனில், இனி மேற்குக் கனடாதான் எங்கள் களம், பெரிய 787 விமானங்கள் கால்கரியில்தான் இருக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஹாலிஃபாக்ஸ்காரர்கள் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அடுத்தடுத்த கோடைகளில் அட்லாண்டிக் தாண்டும் சேவைகள் மறுபடி அட்டவணைக்கு வந்தன. பழையபடியே எல்லாம் வரவில்லை. ஸ்காட்லாந்துக்குக் கிளாஸ்கோவுக்குப் பதில் எடின்பரோ வந்தது. 'மீட்டெடுப்பு' என்று செய்தியில் வந்தாலும், அதே ரூட், அதே விமான நிலையம், அதே நாட்கள் திரும்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

படி 1: விமானத்திலிருந்து ஆரம்பியுங்கள், ஊரிலிருந்து அல்ல

கனடிய நிறுவனங்களுக்குக் குளிர்காலத்தில் ஒரே திசைதான்: தெற்கு. மெக்ஸிகோவின் கான்கூன், டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா, ஜமைக்காவின் மான்டெகோ பே என்று வெயில் தேடிப் போகிற கூட்டம் விமானங்களை நிரப்பிவிடும். வெஸ்ட்ஜெட் 2023-ல் சன்விங் என்ற விடுமுறைப் பயண விமான நிறுவனத்தை வாங்கிய பிறகு அந்தச் சந்தையில் அதன் பங்கு இன்னும் பெரிதானது. சரி, மே மாதம் வந்ததும் என்ன ஆகும்? ஊரிலேயே வெயில் அடிக்கும்போது கான்கூனுக்கு யார் போவார்கள்? அந்த விமானங்களுக்கு வேலை குறையும். அதே நேரத்தில் ஐரோப்பாவுக்குப் போகிற கூட்டம் உச்சத்துக்கு வரும்.

ஆக, கோடை ஐரோப்பா ரூட் என்பது குளிர்கால மெக்ஸிகோ ரூட்டின் மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு விமானத்தின் வருடக் கணக்கு சரிவரும். "குளிர்காலத்திலும் ஓட்டக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் ஓட்டினால் பாதி காலி சீட்டோடு ஓட்டுகிற நஷ்டம் ஒரு பக்கம். மெக்ஸிகோவில் சம்பாதித்திருக்கக்கூடிய பணம் போகிற நஷ்டம் இன்னொரு பக்கம்.

குளிர்காலத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: காற்று. அட்லாண்டிக் மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிற ஜெட் காற்று குளிர்காலத்தில் வலுக்கும். போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். 2011-12 குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பிய யுனைடெட்டின் போயிங் 757 விமானங்கள் பல, எரிபொருளுக்காக வழியில் கனடாவின் கேண்டரில் இறங்கிப் போக வேண்டிவந்தது. அகலம் குறைந்த சிறிய விமானத்தை வைத்துக் கடல் தாண்டுகிறவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

மேக்ஸ் 8-ன் பறக்கும் தூரம் காகிதத்தில் 6,500 கி.மீ.-க்குப் பக்கத்தில் வரும். ஹாலிஃபாக்ஸிலிருந்து லண்டன், பாரிஸ், டப்ளின் எல்லாம் அதற்குள் வசதியாக அடங்கும். கால்கரியிலிருந்து அதே விமானத்தில் லண்டன் போக முடியாது, அதற்கு 787 வேண்டும். 787 விலை கூடியது, கைவசம் இருப்பதும் குறைவு. 2022-ல் மேற்கே திரும்பிய நிறுவனம் மறுபடி ஹாலிஃபாக்ஸைத் தேடி வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை: பெரிய விமானத்தைத் தொடாமலே ஐரோப்பாவுக்குப் போக அந்த ஊர் வழிவிடுகிறது.

படி 2: ஒரு விமானத்தின் 24 மணி நேரத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

ரூட் கேட்டு மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொடாத இடம் இது. கீழே இருக்கும் நேரங்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் நடைமுறைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.

கோடையில் லண்டன் நேரம் ஹாலிஃபாக்ஸை விட 4 மணி நேரம் முன்னால். இரவு 10:30-க்குக் கிளம்பி ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்தால், லண்டனில் காலை 8:20-க்கு இறங்கலாம். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் சுத்தம் செய்து, எரிபொருள் போட்டு, ஆட்களை ஏற்றி, 10 மணிக்குத் திரும்பக் கிளம்பினால், எதிர்க்காற்றில் ஆறே முக்கால் மணி நேரம். ஹாலிஃபாக்ஸில் பகல் 12:45. அடுத்த லண்டன் பயணம் மறுபடி இரவு 10:30-க்கு. நடுவில் ஒன்பதே முக்கால் மணி நேரம் இருக்கிறது.

அந்த ஒன்பதே முக்கால் மணி நேரத்தில் டொரன்டோ போய்த் திரும்பி வரலாம். போகும்போது உள்ளூர்ப் பயணிகளையும், லண்டனிலிருந்து வந்து டொரன்டோ போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு போகும். வரும்போது அன்று இரவு லண்டன் போகப்போகிறவர்களைக் கூட்டி வரும். ஒரே விமானம் ஒரு நாளில் நாலு தடவை காசு பார்க்கிறது. ஹப், அதாவது பயணிகள் விமானம் மாறிப் போகும் மையம், என்று ஒன்று இருப்பதன் பயன் இதுதான்.

இதே கணக்கைக் கால்கரிக்குப் போட்டால், போகவர மட்டுமே பதினெட்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். உங்கள் ஊருக்கு ரூட் கேட்கிறீர்கள் என்றால் முதலில் இந்தப் படத்தை வரையுங்கள். விமானம் எத்தனை மணிக்கு வருகிறது, மீதி நேரத்தில் எங்கே போகும், இரவில் எங்கே நிற்கும். இது ஒட்டவில்லை என்றால் பயணிகள் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சங்கடம்தான்.

படி 3: சீட்டில் உட்காரப்போவது யார்?

ஒரு சின்னப் பெருக்கல். 174 சீட், வாரம் 4 நாள், 18 வாரம், போகவர. கூட்டினால் சீசனுக்கு 25,056 சீட் வரும். ஐந்தில் நாலு நிரம்பினால் இருபதாயிரம் பேர். ஹாலிஃபாக்ஸ் அளவுள்ள ஊருக்கு இது சின்ன எண் அல்ல, பெரிய எண்ணும் அல்ல. ஆனால் ஊர்க்காரர்களை மட்டும் நம்பி நிரப்ப முடியாது.

மூன்று வகைக் கூட்டம் வேண்டும். முதலாவது, ஊரிலிருந்து ஐரோப்பா போகிறவர்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே டொரன்டோவோ மாண்ட்ரியலோ போய் ஏறிக்கொண்டிருப்பார்கள். மேற்கே இரண்டு மணி நேரம் போய், அதே வழியில் திரும்பி ஊர்த் தலைக்கு மேலேயே பறந்து ஐரோப்பா போவது எவ்வளவு எரிச்சல் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த 'கசிவை' டிக்கெட் முன்பதிவுத் தரவுகளை வைத்து அளந்து காட்டுவது விமான நிலைய நிர்வாகத்தின் வேலை, அதுதான் பேச்சுவார்த்தை மேசையில் எடுபடும் காகிதம்.

அடுத்தது, அங்கிருந்து வருகிறவர்கள். நோவா ஸ்கோஷியாவுக்கு ஸ்காட்லாந்துத் தொடர்பு பழசு. கேப் பிரெட்டனில் இன்றும் கேலிக் பாட்டும் ஃபிடில் இசையும் உயிரோடு இருக்கின்றன. முதலில் கிளாஸ்கோவைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. பெக்கிஸ் கோவ் கலங்கரை விளக்கம், கேபட் டிரெயில் சாலை என்று சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் குவிவார்கள். எதிர்த்திசையில் ஆகஸ்ட் மாத எடின்பரோ விழாக்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதங்களில் கூட்டம் இருப்பது ஒரு வரம். ஒரு பக்கம் மட்டும் நிரம்பி மறுபக்கம் காலியாகத் திரும்புகிற ரூட்கள்தான் சீக்கிரம் சாகும்.

மிச்சம் இருப்பது, ஹாலிஃபாக்ஸில் இறங்கி மாறுகிறவர்கள். இவர்கள்தான் விமானத்தைக் காப்பாற்றுகிறவர்கள், இவர்கள் கொடுக்கிற கட்டணமோ குறைவு. டொரன்டோவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் லண்டனில் கல்யாணத்துக்குப் போக நேரடி விமானத்தின் விலையைப் பார்த்து மலைத்து, ஹாலிஃபாக்ஸ் வழியாகப் போனால் எவ்வளவு என்று தேடினால், அவர்கள் இந்த மூன்றாவது வகை.

சரக்கு? நோவா ஸ்கோஷியாவின் சிங்கி இறால் உயிரோடு விமானத்தில் ஏறி உலகம் சுற்றுகிறது, ஆனால் அதற்குச் சரக்கு விமானங்களும் பெரிய விமானங்களும்தான் லாயக்கு. 737-ன் வயிற்றில் கன்டெய்னர் ஏறாது, பெட்டி பெட்டியாகக் கையால் அடுக்க வேண்டும். சரக்கு வருமானத்தைக் கணக்கில் பெரிதாக எழுதாதீர்கள்.

படி 4: பறக்க உரிமை இருக்கிறதா?

ஹாலிஃபாக்ஸ் விஷயத்தில் இது சுலபம். கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2009-ல் திறந்த வான்வெளி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனோடு தனி ஒப்பந்தம். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போகலாம்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மதுரைக்காரர்கள் வருடக்கணக்காகப் பேசும் 'பாயின்ட் ஆஃப் கால்' விவகாரம் இதுதான். பல நாடுகளோடு இந்தியா போட்ட ஒப்பந்தங்களில், அந்த நாட்டு விமானங்கள் இறங்கலாம் என்ற பட்டியலில் மதுரை இல்லை. இந்திய நிறுவனங்கள் மதுரையிலிருந்து போகலாம், எதிர்நாட்டு நிறுவனம் வர முடியாது. இந்தக் கதவு மூடியிருந்தால் மற்ற எல்லாப் படியும் வீண், அதனால் உங்கள் ஊருக்கு முதல் நாளே இதைப் பார்த்துவிடுங்கள்.

படி 5: ஸ்லாட்

விமான உலகத்தில் வருடம் இரண்டாகப் பிரியும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடை அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்கால அட்டவணை. நெரிசலான விமான நிலையங்களில் இறங்கவும் ஏறவும் நேரம் ஒதுக்குவார்கள், அதுதான் ஸ்லாட். அடுத்த கோடைக்கு அக்டோபர் வாக்கிலேயே விண்ணப்பம் போக வேண்டும். நவம்பரில் நிறுவனங்களும் ஒருங்கிணைப்பாளர்களும் ஒரே இடத்தில் கூடிப் பேரம் பேசுவார்கள். கோடை சேவைக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை வருவதன் காரணம் இதுதான்.

ஹாலிஃபாக்ஸ் பக்கத்தில் இது பெரிய பிரச்சினை அல்ல. லண்டன் பக்கம்தான் தலைவலி. ஹீத்ரோவில் ஸ்லாட் என்பது சொத்து மாதிரி, கோடிக்கணக்கில் கைமாறும். அதனால்தான் புதிதாக வருகிற பலரைப் போல வெஸ்ட்ஜெட்டும் கேட்விக் போனது. கேட்விக்கும் லேசான இடம் அல்ல, ஒரே ஓடுபாதையை வைத்துக்கொண்டு ஓடுகிற நிலையம்.

இதில் ஒரு கத்தி தொங்குகிறது. ஒதுக்கிய ஸ்லாட் தொடரில் 80 சதவீதத்தையாவது பயன்படுத்தினால்தான் அடுத்த வருடம் அதே ஸ்லாட்டுக்கு முதல் உரிமை. 18 வாரத் தொடர் என்றால் 3 தடவை தவறினாலும் தப்பிக்கலாம். 4 தவறினால் 77.8 சதவீதம், போச்சு. வேலைநிறுத்தம், விமான நிலையம் மூடல் மாதிரி காரணங்களுக்கு விலக்கு உண்டு. டிக்கெட் விற்கவில்லை என்பதற்கு விலக்கு இல்லை. வருடம் முழுக்க ஓடுகிற ரூட்டுக்கு நாலு நாள் ரத்து ஒன்றுமே இல்லை. சீசன் ரூட்டுக்கு அது உயிர்.

படி 6: கடல் தாண்டத் தகுதி

இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று, ஒரு எஞ்சின் நின்றால் 60 நிமிடத்துக்குள் இறங்க இடம் இருக்கிற வழியில்தான் பொதுவாகப் பறக்க வேண்டும். அதற்கு மேல் விலகிப் போக வேண்டுமானால் 'ஈடாப்ஸ்' எனும் சிறப்பு அனுமதி வேண்டும். அது விமானத்துக்கு மட்டும் கொடுக்கிற சான்றிதழ் இல்லை. பராமரிப்பு முறை, விமானிப் பயிற்சி, பயணத் திட்டமிடல் எல்லாவற்றையும் பார்த்து நிறுவனத்துக்குக் கொடுப்பது. ஹாலிஃபாக்ஸிலிருந்து போகும்போது செயின்ட் ஜான்ஸ், கேண்டர், ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக், அயர்லாந்தின் ஷானன், தெற்கே போனால் அசோர்ஸ் தீவின் லாஜெஸ் என்று இறங்க இடங்கள் இருக்கின்றன.

நடுக்கடலில் ரேடார் இல்லை. கனடா பக்கம் கேண்டர், ஐரோப்பா பக்கம் ஷான்விக் என்ற கட்டுப்பாட்டு மையங்கள் வானத்தைப் பார்த்துக்கொள்கின்றன. நல்ல உயரத்தில் பறக்க வேண்டுமானால் விமானியும் கட்டுப்பாட்டாளரும் எழுத்துச் செய்தியில் பேசும் டேட்டாலிங்க் கருவி இருந்தே ஆக வேண்டும். உள்நாட்டில் ஓடுகிற எல்லா 737-லும் இதெல்லாம் இருக்காது. உயிர்காக்கும் படகு, நெடுந்தூர ரேடியோ, டேட்டாலிங்க் போட்ட சில விமானங்களை மட்டும் இதற்கென்று ஒதுக்குவார்கள். அதில் ஒன்று பழுதானால் மாற்று விமானம் பக்கத்தில் இருக்காது. சீசன் ரூட்டில் ஒரு தாமதம் மறுநாளுக்கும் தொற்றுவது இதனால்தான்.

இதோடு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பறக்க ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வெளிநாட்டு இயக்குநர் அனுமதி. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனுக்குத் தனி அனுமதி. நிறுவனம் ஏற்கெனவே அங்கே பறந்துகொண்டிருந்தால் இது முடிந்த வேலை. 'மீட்டெடுக்கும்' ரூட் புதிய ரூட்டை விட வேகமாக வருவதற்கு இது ஒரு காரணம்.

படி 7: ஆட்கள்

ஆறேழு மணி நேரப் பறப்புக்கு இரண்டு விமானிகள் போதும், மூன்றாவது ஆள் வேண்டியதில்லை. ஆனால் போனவர்கள் உடனே திரும்ப முடியாது. லண்டனில் ஹோட்டலில் தங்கி, அடுத்து வருகிற விமானத்தில்தான் திரும்புவார்கள். வாரம் 4 நாள் சேவை என்றால் சில குழுக்கள் இரண்டு நாள் சும்மா தங்க வேண்டிவரும். ஹோட்டல், தினப்படி எல்லாம் சேர்ந்து இது கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு. வாரம் 7 நாளாக இருக்கும் ரூட் சில சமயம் வாரம் 4 நாள் ரூட்டை விட மலிவாக ஓடுவதும் இதனால்தான்.

அங்கே செக்-இன், பெட்டி ஏற்றுதல், எரிபொருள், சாப்பாடு எல்லாம் உள்ளூர் ஒப்பந்ததாரர்களிடம். நாலு மாதத்துக்கு மட்டும் ஆள் கேட்டால் அவர்கள் கடைசியில்தான் நம்மைக் கவனிப்பார்கள், கோடையில் எல்லாருக்கும் ஆள் பற்றாக்குறை.

தொழிலாளர் பேச்சுவார்த்தையையும் பார்க்க வேண்டும். 2024 ஜூன் இறுதியில் வெஸ்ட்ஜெட் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கனடா தின நீண்ட விடுமுறையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சீசன் ரூட்டின் உச்ச வாரம் அது. எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று திட்டமிடுகிறவர்கள் நாள்காட்டியில் குறித்து வைப்பார்கள். பயணிகளும் ஒரு கண் வைக்கலாம்.

படி 8: நஷ்டம் வந்தால் யார் தலையில்?

நின்றுபோன ரூட் திரும்பினாலும் முதல் கோடையிலேயே லாபம் பார்ப்பது அரிது. ஆட்கள் வேறு வழிக்குப் பழகியிருப்பார்கள். அந்த ஆரம்பப் பள்ளத்தைத் தாண்ட விமான நிலையங்கள் இறங்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும், சுற்றுலாத் துறை விளம்பரச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும். அமெரிக்கச் சிறு நகரங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், வருமானம் இவ்வளவுக்குக் கீழே போனால் வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று உத்தரவாதமே கொடுக்கிறார்கள்.

என் கருத்து: தள்ளுபடி நல்லது, உத்தரவாதம் ஆபத்து. கட்டணத் தள்ளுபடியில் நிறுவனமும் தன் பணத்தைப் போட்டிருக்கும், அதனால் விற்க முயலும். உத்தரவாதம் இருந்தால் விற்க அவசரம் இருக்காது. பணம் தீர்ந்த அடுத்த மாதம் ரூட்டும் போய்விடும். ஊர்ப் பணம் போகிறது என்றால் எத்தனை சீசனுக்கு, வாரம் எத்தனை நாள், இடையில் நிறுத்தினால் என்ன திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

படி 9: விற்பனையைத் திறப்பது

டிக்கெட் பொதுவாகப் பயண நாளுக்கு 11 மாதம் முன்னால்வரை விற்பனைக்கு வரும், அதனால் கோடை சேவையை ஜனவரிக்கு மேல் அறிவித்தால் பாதிச் சந்தை போச்சு. குடும்பங்கள் கோடைப் பயணத்தை அதற்குள் முடிவு செய்துவிடும். மறுமுனையில் விற்பது இன்னும் கஷ்டம். ஹாலிஃபாக்ஸில் வெஸ்ட்ஜெட் என்றால் குழந்தைக்கும் தெரியும்; எடின்பரோவில் யாருக்குத் தெரியும்? அங்கே சுற்றுலா முகவர்களும், கார் வாடகையோடு சேர்த்துத் தொகுப்பாக விற்கிறவர்களும்தான் கை கொடுப்பார்கள். பல வருடம் கோடையில் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஹாலிஃபாக்ஸ் வந்த ஜெர்மனியின் காண்டோர் நிறுவனம், விடுமுறைப் பயணிகளை இப்படித்தான் அள்ளியது.

படி 10: நீங்கள் டிக்கெட் போடுகிறவர் என்றால்

முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் தவிருங்கள். விற்பனை மந்தமாக இருந்தால் முதலில் வெட்டுவது சீசனின் இரண்டு ஓரத்தைத்தான். ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும் என்று விற்றது ஜூன் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப்போவது சகஜம். அப்புறம் வெட்டுவது வார நாட்களை: செவ்வாய், புதன் மாதிரி நாட்கள் முதலில் போகும், வெள்ளி, ஞாயிறு நிற்கும். கல்யாணம், தேர்வு, கப்பல் பயணம் மாதிரி தேதி மாற்ற முடியாத காரியம் என்றால் உச்ச வாரங்களில், வார இறுதியை ஒட்டிப் போடுங்கள்.

இணைப்புப் பயணத்தை ஒரே டிக்கெட்டில் போடுங்கள். டொரன்டோ - ஹாலிஃபாக்ஸ் தனியாக, ஹாலிஃபாக்ஸ் - லண்டன் தனியாக வாங்கினால் சில டாலர் மிச்சமாகலாம், ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்கள் பிரச்சினை. வாரம் 4 நாள் ரூட்டில் அடுத்த விமானம் நாளைக்கு இருக்காது, நாளை மறுநாள் இருக்கலாம்.

உரிமைகளைத் திசை பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சட்டம் வேறு. ஒரு கனடிய நிறுவனம் உங்களை ஹாலிஃபாக்ஸிலிருந்து பாரிஸுக்குக் கூட்டிப் போகும்போது கனடாவின் விதிகள் மட்டும்தான். அதே நிறுவனம் பாரிஸிலிருந்து திரும்பக் கூட்டி வரும்போது ஐரோப்பிய ஒன்றிய விதியும் சேர்ந்துகொள்கிறது, லண்டனிலிருந்து என்றால் அதே மாதிரியான பிரிட்டன் விதி. இந்தத் தூரத்துக்கு ஐரோப்பிய இழப்பீடு 600 யூரோ வரை, பிரிட்டனில் 520 பவுண்டு வரை. கனடாவில் பெரிய நிறுவனங்கள் 3 மணி நேரத் தாமதத்துக்கு 400, 6 மணி நேரத்துக்கு 700, 9 மணி நேரத்துக்கு மேல் 1,000 கனடிய டாலர். நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்த, பாதுகாப்புக் காரணம் அல்லாத தாமதத்துக்கு மட்டும்.

இதில் ஒரு ஓட்டை. 14 நாளுக்கு மேல் முன்கூட்டியே ரத்தைச் சொல்லிவிட்டால் எங்கேயும் இந்த இழப்பீடு கிடையாது. சீசன் ரூட்டின் வெட்டுகள் பெரும்பாலும் மாதக்கணக்கில் முன்னாலேயே வரும். அப்போது உங்களுக்கு இருப்பது இரண்டே வழி: முழுப் பணத்தைத் திரும்ப வாங்குவது, இல்லாவிட்டால் மாற்றுப் பயணம். பணத்தை வாங்கிவிட்டால் அந்த நேரத்துக்கு மற்ற டிக்கெட்டுகள் விலை ஏறியிருக்கும். அதனால் அவசரப்பட்டுப் 'பணம் திரும்ப வேண்டும்' என்ற பொத்தானை அழுத்தாமல், முதலில் டொரன்டோ அல்லது கால்கரி வழியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏர் கனடாவுக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து லண்டன் ஹீத்ரோ சேவை உண்டு. மாற்று என்ன என்று யோசிக்கும்போது அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு விஷயம்: கனடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பிரிட்டன் போக 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை இருந்தும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த மின்னணு அனுமதி போதாது. பிரிட்டனுக்கு விசா, பாரிஸ் என்றால் ஷெங்கன் விசா. கோடையில் விசா சந்திப்பு நேரம் கிடைப்பது விமான டிக்கெட் கிடைப்பதைவிடக் கஷ்டம், அதனால் வரிசையை மாற்றி முதலில் விசா நேரத்தைப் பாருங்கள்.

படி 11: சீசன் முடியும்போது பார்க்க வேண்டியது

செப்டம்பர், அக்டோபரில் கடைசி விமானம் போன பிறகு, "அடுத்த வருடமும் வருவோம்" என்ற பேட்டியை நம்பாதீர்கள், நம்பாமலும் இருக்காதீர்கள். பார்க்க வேண்டியது நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கத்தை. அடுத்த ஜூலையில் ஏதோ ஒரு புதன், ஒரு ஞாயிறு போட்டுத் தேடிப் பாருங்கள். நேரடி விமானம் விற்பனைக்கு இருந்தால் நல்ல அறிகுறி. நவம்பர் ஸ்லாட் கூட்டம் முடிந்து, ஜனவரியில் வேண்டாத ஸ்லாட்டைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் தாண்டிய பிறகு அது இன்னும் அங்கே இருந்தால், வாரத்தில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். போன வருடம் 4, இந்த வருடம் 5 என்றால் தைரியமாக டிக்கெட் போடலாம். 4 இருந்தது 2 ஆகியிருந்தால், டொரன்டோ வழியாக என்ன விலை என்று பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.